பதினாறாம் பாத்தி யோசனைக்காரர்

யோசனைக்காரர் என்றோர் உயிரினம் உண்டு. 'பிராணி' என்றுதான் முதலில் எழுதினேன். அவர் கண்ணில் இது பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்து அல்ல. "பிராணிங்கறது பொருத்தமில்லையே, ஜந்துன்னு போட்டிருக்கலாமே" என்று யோசனை சொல்வார். அதுதான் பயம்.

இவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. சுவரில் ஓர் ஆணி அடியுங்கள், அடைத்துக்கொண்ட குழாயைக் கழற்றுங்கள், பஞ்சரான சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். நீங்கள் நிமிர்ந்து நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள் இரண்டடி தள்ளி வந்து நின்றிருப்பார். கைகள் பின்னால் கோத்திருக்கும். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். உதவிக்கு வந்திருக்கிறார் என்று நம்பி ஸ்பானரை நீட்டிவிடாதீர்கள். வாங்கிக்கொண்டால் அவர் வேறு இனம். இவர் அதை எட்டிப் பார்த்து, "இது பதினாலா? இதுக்குப் பதிமூணு போடணும்" என்பார்.

பேச்சுக்குள் நுழைய இவருக்கென்று சில வாசல்கள் உண்டு. "சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன்" என்பது முன்வாசல். "தப்பா எடுத்துக்காதீங்க" என்பது பக்கவாசல். "எனக்கென்ன, உங்க இஷ்டம்" என்பது வெளியே போகிற வாசல் போலத் தெரியும். போக மாட்டார், அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார். நீங்கள் அவர் சொன்னபடி செய்து காரியம் நடந்தால், அவர் சொன்னதால் நடந்தது. நடக்காவிட்டால், அவர் சொன்னதை நீங்கள் சரியாகச் செய்யாததால் நடக்கவில்லை. வேறெந்த உத்தியோகத்தில் இப்படி ஒரு வசதி இருக்கிறது? வானிலை அறிக்கை வாசிப்பவர்கள்கூட எப்போதாவது நனைய வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவின் யோசனைக்காரருக்குச் சூப்பிரண்டு என்று பெயர். அவர் பெற்றோர் வேறு ஏதாவது வைத்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் சூப்பிரண்டாக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் காலை ஆறரைக்குள் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே செருகி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு புறப்படுவது மட்டும் நிற்கவில்லை. எங்கே போவது என்பதுதான் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. அந்தப் பிரச்சினையைத் தீர்க்கவென்றே எங்கள் தெருவில் ஒரு தோட்டம் வந்தது.

தோட்டம் வருவதற்கு முன் எங்கள் தெரு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். இரண்டுக்கும் பொதுவாகத் தெருக்கோடியில் ஒரு காலி மனை. அதில் உடைந்த கழிப்பறைப் பீங்கான், பஞ்சு பிதுங்கிய மெத்தை, ஒரு காலத்தில் கட்டிலாக இருந்த பலகைகள். நாங்கள் பதினோரு வருஷமாக எதிரெதிரே வாழ்ந்தோம். எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில் என்ன நிறத் துண்டு காய்கிறது என்று எனக்குத் தெரியும். துண்டுக்காரர் யார் என்று தெரியாது. அறிமுகமானவர்கள் என்று சொன்னால் பஸ் டிரைவரும் தையல்கார அக்காவும்தான். அவர்களும் சண்டையால் அறிமுகமானவர்கள். டிரைவர் விடியற்காலை வேலைக்குப் போக அக்காவின் ஜன்னலடியில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புவார். அது இருமி, கனைத்து, உயிர் பெறுவதற்குள் அக்கா விழித்துக்கொள்வார். ஒருநாள் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வண்டியின்மேல் ஊற்றினார். அப்போது வண்டியின்மேல் டிரைவரும் இருந்தார். அதிலிருந்து மூன்று வருஷம் பேச்சில்லை.

இப்படிப்பட்ட தெருவில், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர், எல்லோரும் அவரை சிஸ்டர் என்போம், வார்டு அலுவலகத்துக்கு எட்டு முறை நடந்து, காலி மனையில் தோட்டம் போட அனுமதி வாங்கி வந்தார். குப்பையை அள்ளினோம். மண் கொட்டினோம். பதினாறு பாத்திகள் பிரித்துச் சீட்டுக் குலுக்கினோம். எனக்கு ஐந்தாவது பாத்தி விழுந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். செடிக்கும் எனக்கும் அதுவரை இருந்த தொடர்பு, 'செடி'யில் ஒரு 'ட்' கூடுதலாக விழுந்து 'செட்டி' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

பதினைந்து பாத்திகளுக்கு ஆள் கிடைத்தார்கள். மதிலை ஒட்டிய பதினாறாவது பாத்தி மிஞ்சியது. பத்து மணி வரைக்கும் அங்கே வெயில் விழாது.

"சார், நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று சிஸ்டர் சூப்பிரண்டைக் கேட்டார்.

"எனக்கெதுக்கும்மா பாத்தி? நான் பொதுவா பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அப்பப்பா, எப்படிப் பார்த்துக்கொண்டார்! காலை ஆறரைக்கு நடைபாதையின் தொடக்கத்தில் ஷூ சத்தம் கேட்கும். பிறகு ஒரு "ம்ஹூம்." அது கேள்வியா, தீர்ப்பா, தொண்டைக் கரகரப்பா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கேட்ட மாத்திரத்தில் குனிந்திருக்கிற நம் முதுகு கூசும். ஒவ்வொரு பாத்தியாக நிற்பார். என் பீன்ஸ் கொடிக்கு நான் நட்ட குச்சி ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது என்பார். நிமிர்த்தினால், "இப்ப அந்தப் பக்கம் சாயுதே" என்பார். தையல்கார அக்காவின் தக்காளி நெருக்கமாக இருக்கிறது. டிரைவரின் பூசணி தள்ளித் தள்ளி இருக்கிறது. சிஸ்டரின் மிளகாய் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் "மிளகாய் எதுக்கு?"

காலையில்தான் தண்ணீர் விட வேண்டும் என்று சிஸ்டரிடம் சொன்னார். சாயங்காலம்தான் விட வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் குழாயடியில் சந்தித்தார்கள்.

"காலையில விட்டா வேர் அழுகிடும்னு சார் சொன்னாரே?" என்றார் டிரைவர்.

"என்கிட்ட சாயங்காலம் விட்டா அழுகும்னாரே!"

இருவரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்புக்கு என்ன காரணம் என்று கேட்க அக்கா வந்தார். டிரைவர் அங்கே இருக்கிறார் என்பதை மறந்து வந்துவிட்டார். திரும்பிப் போவதற்குள் கதை பாதி காதில் விழுந்துவிட்டது. "என்கிட்ட தண்ணியே விடாதீங்கன்னாரு" என்றார் அக்கா. அன்றைக்குக் குழாயடியில் ஒரு மணி நேரம் பேசினோம். பதினோரு வருஷத்தில் எங்கள் தெரு பேசிய முதல் பேச்சு அது.

பொதுத் தோட்டம் அக்கம்பக்கத்தை ஒன்றுசேர்க்கிறது என்று பத்திரிகைகளில் கட்டுரை வருகிறது. நானே நாலைந்துக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். மண்ணைத் தொட்டால் மனம் இளகும், பச்சையைப் பார்த்தால் பகை மறையும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இருக்கலாம். எங்கள் தெருவில் நடந்தது வேறு. ஒரே மனிதர்மேல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எரிச்சல் வந்தது. காதலைவிட உறுதியான பசை அது. காலையில் அவர் சொன்னதை மாலையில் குழாயடியில் நடித்துக் காட்டுவோம். டிரைவருக்கு அந்த "ம்ஹூம்" அப்படியே வரும்.

ஒரு காலையில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. எருவை எந்தக் கையால் தூவ வேண்டும் என்று சூப்பிரண்டு சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

"சார், பதினாறாம் பாத்தி சும்மாத்தானே கெடக்கு. நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்கறோம்."

பதினைந்து பாத்திகளிலும் வேலை நின்றது. "ஆமா சார், போடுங்க சார்" என்றார் டிரைவர், முகத்தில் பால் வடிய.

சூப்பிரண்டு அக்காவைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். "போடலாமே. அதுல என்ன?" என்றார். அந்த "என்ன"வில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் அளவு நாடாவும் நூல்கண்டும் ஒரு காகிதச் சுருளும் கொண்டு வந்தார். சுருளில் அடிக்கோல் வைத்து வரைந்த படம். ஒரு வரிசை வெண்டை, ஒரு வரிசை கத்தரி, ஓரத்தில் பூசணி. நூல் கட்டி, குறி வைத்து, ஒவ்வொரு குழியையும் விரலால் அளந்து விதைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மண்ணில் முழங்கால் போட்டார்; எழுந்தபோது பேன்ட்டில் இரண்டு வட்டம். அதைத் தட்டிவிடாமல் வீட்டுக்குப் போனார். எனக்கு அப்போதே ஏதோ செய்தது. ஆனால் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போனது. ஒன்றும் முளைக்கவில்லை. ஏன் முளைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் பார்த்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு பழைய பேனா மூடியால் மண்ணைக் கிளறி, விதையை வெளியே எடுத்து, முளைவிட்டிருக்கிறதா என்று கண்ணுக்கருகில் பிடித்துப் பார்த்து, மறுபடி புதைத்துக்கொண்டிருந்தார். கோப்பு யார் மேஜையில் தேங்கி நிற்கிறது என்று பார்க்கிற பழக்கம். எந்த விதை அதைத் தாங்கும்? மறுபடி விதைத்தார். இந்த முறை தோண்டவில்லை. அந்தக் கவலையை எல்லாம் தண்ணீராக ஊற்றினார். விதை அழுகியது. மூன்றாம் முறையும் விதைத்தார். ஒரு மாதம் ஆனபோது சுற்றிலும் பச்சை. நடுவில் நூல் கட்டிய வெறும் மண்.

எங்களுக்குக் கொண்டாட்டம். அதை மறைத்து என்ன பயன்? ஆளாளுக்கு அவர் பாத்தியோரம் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம்.

"என்ன சார், உங்க விதை மெடிக்கல் லீவுல இருக்கா?" என்றார் அக்கா.

"லீவு இல்லம்மா. ரிட்டயர் ஆயிடுச்சு" என்றார் டிரைவர். அக்காவுக்கு அவர் நேராகச் சொன்ன முதல் பதில் அதுதான்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. சூப்பிரண்டு குச்சிகளிலிருந்து நூலை அவிழ்த்து, கண்டில் நிதானமாகச் சுற்றினார். சுற்றி முடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

முதல் வாரம் சொர்க்கம். குச்சி சாய்ந்தபடி சாய்ந்திருந்தது. எரு எந்தக் கையாலும் விழுந்தது. இரண்டாம் வாரம்தான் ஏதோ குறைந்தது. மாலையில் குழாயடியில் கூடினால் பேச ஒன்றும் இல்லை. "சரி, வரேன்" என்று கிளம்பினோம். ரப்பர் குழாயை யார் முதலில் எடுத்தது என்று டிரைவருக்கும் அக்காவுக்கும் தகராறு வந்தது. மோட்டார் சைக்கிள், வாளி, மூன்று வருஷக் கணக்கு எல்லாம் வெளியே வந்தன. சிஸ்டர் வேலை முடித்து வந்து தண்ணீர் விட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போனார். இன்னும் ஒரு மாதம் விட்டால் அந்த இடத்தில் பழைய மெத்தையே திரும்பி வந்து படுத்துக்கொள்ளும் போலிருந்தது.

அப்போதுதான் சூப்பிரண்டு வீட்டம்மா தோட்டத்துக்கு வந்தார். அதுவரை அவரை நாங்கள் ஜன்னலில் ஒரு கையாக மட்டும்தான் பார்த்திருந்தோம். சிறிய உருவம், எண்ணிப் பேசுகிற பேச்சு. சிஸ்டரின் பாத்தியோரம் வந்து நின்றார். அக்காவும் டிரைவரும் நானும் கிட்டே போனோம்.

"இவரை ஏன் திருப்பி அனுப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ரிட்டயர் ஆன நாளா வீட்டுலயேதான். வெங்காயத்தை இப்படி நறுக்கு, கதவை அப்படிச் சாத்து, துணியை இப்படி மடி. முப்பது வருஷமா மடிச்ச துணி. தோட்டம் வந்துது, காலையில ஆறரையிலேருந்து பத்து மணி வரைக்கும் இங்க. அந்த மூணரை மணி நேரம் நான் மனுஷியா இருந்தேன். இப்ப மறுபடியும் வீட்டுல."

"கஷ்டம்தாம்மா" என்றார் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அது கஷ்டம் இல்லம்மா. அது பழகிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப நாலு நாளா ஒண்ணுமே சொல்றதில்ல. நேத்து வேணும்னே பாலைப் பொங்க விட்டேன். அடுப்புல வழிஞ்சு தரை வரைக்கும் வந்துது. பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லல. துணி எடுத்துத் தொடச்சிட்டுப் போயிட்டார்." சேலை முனையை விரலில் சுற்றினார். "எனக்குப் பயமா இருக்கு."

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. டிரைவர் குனிந்து, தன் பாத்தியில் இல்லாத களையைப் பிடுங்கினார். வீட்டம்மா வேறெதுவும் கேட்கவில்லை, போய்விட்டார். நாங்களும் அவரவர் வழியில் கலைந்தோம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் இறங்கினேன். யாருக்கும் தெரியாமல் என் பாத்தியிலிருந்து மூன்று பீன்ஸ் நாற்றுகளை மண்ணோடு பெயர்த்து, ஒரு பழைய அச்சுத் தாளில் சுற்றிக்கொண்டு, பூனை மாதிரி பதினாறாம் பாத்திக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அக்கா. கையில் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில், அதில் தக்காளி நாற்று.

"நீங்க எங்க இங்க?" என்றார்.

"சும்மா, காத்தாட வந்தேன். நீங்க?"

"நானும் காத்தாடத்தான்." முழங்கை வரைக்கும் மண்.

சொல்லி முடிப்பதற்குள் வாசல் பக்கம் யாரோ இருமினார்கள். டிரைவர், காக்கிச் சட்டையோடு, இரண்டு கையாலும் ஒரு பூசணிக் கன்றைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். திரும்பினால் பின்னால் சிஸ்டர். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து மிளகாய் நாற்றுகள் எட்டிப் பார்த்தன.

நாலு பேரும் ஒருவர் கையிலிருந்த நாற்றை ஒருவர் பார்த்தோம்.

"சரி, நேரம் ஆகுது. நடுவோம்" என்றார் சிஸ்டர்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"அவ்வளவு ஆழம் வேணாம்" என்றார் டிரைவர்.

"இதையெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. உங்க கன்னை முதல்ல வெயில் பாத்துத் திருப்புங்க" என்றார் அக்கா.

"தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டுமே நெருக்கம்" என்றார் சிஸ்டர்.

"சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன்..." என்று தொடங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். கை தானாகப் பின்னால் போயிருந்தது.

வேலை முடிந்ததும் டிரைவர் மோட்டார் சைக்கிளிடம் போனார். உதைக்கக் காலைத் தூக்கியவர், அக்காவின் ஜன்னலைப் பார்த்துவிட்டு, காலை இறக்கினார். ஜன்னலுக்குள் யாரும் தூங்கவில்லை. தூங்க வேண்டியவர் இங்கே எங்களோடு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். இருந்தாலும் வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கேதான் கிளப்பினார். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் கழித்து அந்த வண்டிக்குப் புது சீட் உறை வந்தது. யார் தைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. தையலைப் பார்த்தாலே தெரிந்தது.

ஐந்து நாள் முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். வாடித் தொங்கிய நாற்றுகள் தலை நிமிர்ந்தன. ஆறாம் நாள் வீட்டம்மா தன் கணவரிடம், "பதினாறாம் பாத்தியில ஏதோ பச்சையாத் தெரியுது, மாடியிலேருந்து பாத்தேன். களையா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். களை என்ற சொல்லை அவர் எங்களைக் கேட்காமல் தாமாகவே தேர்ந்தெடுத்தார். முப்பது வருஷ அனுபவம் சும்மாவா?

ஷூ சத்தம் கேட்டது. நாலு பேரும் அவரவர் பாத்தியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். சத்தம் நடைபாதை முழுக்க நடந்து, எங்கும் நிற்காமல், மதிலோரம் போய் நின்றது.

நின்றது நின்றதுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஓர் அத்தியாயம் திருத்துகிற நேரம் போலிருந்தது.

"ம்ஹூம்."

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அடுத்து வந்த வார்த்தை உயிரை வாங்கியது.

"வெண்டை போட்ட இடத்துல தக்காளி வந்திருக்கு."

நாற்று நட வந்த நாலு பேரில் ஒருவருக்காவது, அவர் எந்த வரிசையில் எதை விதைத்தார் என்று யோசிக்கத் தோன்றவில்லையே! யோசனைக்குப் பஞ்சமில்லாத கூட்டம்.

"கத்தரி வரிசையில மிளகாய்."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது பீன்ஸ். பீன்ஸ் நான் போடவே இல்லையே."

பீன்ஸ்காரன் நான் குழிக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். சூப்பிரண்டு மெதுவாகத் திரும்பினார். சிஸ்டரின் மிளகாய் வரிசையில் இரண்டு செடி இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது, அதைப் பார்த்தார். அக்காவின் தக்காளியில் ஒரு குழி, அதைப் பார்த்தார். என் பாத்தியில் ஆள் இல்லாமல் நின்ற மூன்று குச்சிகளைப் பார்த்தார். ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் சூப்பிரண்டாக இருந்தவருக்குப் பொருள் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று சொல்லித் தர வேண்டுமா?

மறுபடி பாத்திப் பக்கம் திரும்பிக் குனிந்தார். தக்காளியின் அடியை விரலால் தொட்டார்.

"வேரைச் சரியா மூடல" என்றார்.

அக்கா வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றார் சூப்பிரண்டு. "நான்தான் சரியா மூடல."

பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்து, வேரை மூடினார். அந்த மனிதர் தன் தவறு என்று வாழ்நாளில் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். அதுவும் அவர் செய்யாத தவறு. டிரைவர் எழுந்து போய்ப் பூவாளியில் தண்ணீர் பிடித்து அவர் பக்கத்தில் வைத்தார். எதிரே மாடி ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போனது.

இதற்குப் பிறகு அவர் திருந்தி, பணிவு கற்று, வாயை அடக்கிக்கொண்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? மறுநாள் ஆறரைக்கே, "குச்சி சாயுது" என்றார் என்னிடம். இரண்டு மாதத்தில் பூசணி காய்த்தது. அதைக் கட்டடத்துக்குப் பாதியாக வெட்டிப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டோடும் பூசணி வளர்ப்பது பற்றி ஒரு விளக்கமும் கொடுத்தார். கன்றைக் கொண்டுவந்து நட்ட டிரைவர், இரண்டு கையாலும் துண்டை வாங்கிக்கொண்டு, "அப்படிங்களா சார், அப்படிங்களா சார்" என்று முழுவதையும் கேட்டார். அன்று மாலை குழாயடியில் அதை அவர் நடித்துக் காட்டியபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. சிஸ்டருக்கு இரண்டு வேளை வேலை விழும் நாட்களில் இப்போது அவர் பாத்திக்குத் தண்ணீர் விட மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடித் துண்டுக்காரர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கணக்கு வாத்தியார், வெள்ளிக்கிழமைகளில் என்னோடு சதுரங்கம் ஆடுகிறார், ஏமாற்றுகிறார்.

சமீபத்தில் வார்டு அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் கேள்வித்தாளோடு வந்தார். "தோட்டம் உங்கள் குடியிருப்பை எவ்வாறு வலுப்படுத்தியது?" கீழே நாலு கட்டம்: தூய காற்று, புதிய காய்கறி, உடற்பயிற்சி, இயற்கையோடு தொடர்பு. ஏதாவது ஒன்றில் குறி போடச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் பதிலுக்கு அதில் கட்டம் இல்லை. அதற்குள் சூப்பிரண்டு தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, "கேள்வியே சரியில்லையேம்மா" என்று தொடங்கியிருந்தார். அந்தப் பெண் வீட்டுக்குப் போக மத்தியானம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நல்லவேளை, எங்க தெருவுல இப்படி ஒரு ஆள் இல்ல" என்று நீங்கள் நினைக்கலாம். தெருவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. இன்னொரு முறை தேடிப் பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை என்றால், தேடிக்கொண்டு போகிறவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கும். அப்படியே, இந்த வருஷம் உங்கள் தொட்டியில் ரோஜா வழக்கத்துக்கு மாறாகப் பூத்துக் குலுங்குகிறதா? நீங்கள் ஆரம்பித்து வைத்த வேலைகள் எல்லாம் எப்படியோ தாமாகவே முடிந்துவிடுகின்றனவா? உங்கள் கைராசியைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லும்போது அந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொள்கிறார்களா? சந்தேகமாக இருந்தால் ஒருநாள் விடியும் முன் எழுந்து போய்ப் பாருங்கள்.

வேண்டாம். போகாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் தூங்குங்கள். அவர்கள் முடித்துவிட்டுப் போகட்டும்.